மொய் நோட்டில் பெயரை மட்டும் எழுதாதீர்கள்: மொய் விருந்து வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஆடியில் கீரமங்கலம் பக்கம் ஒரு மொய் விருந்துக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு மொய் எழுத வரிசையில் நின்றேன். மேசையில் உட்கார்ந்திருந்த தம்பிக்கு இருபது வயதுக்குள்தான் இருக்கும். எனக்கு முன்னால் நின்றவர் பணத்தை நீட்டி ஊரையும் பெயரையும் சொன்னார். தம்பி ஊரை எழுதினான், பெயரை எழுதினான், தொகையை எழுதினான், "அடுத்து" என்றான். அப்பா பெயரைக் கேட்கவில்லை, தெருவைக் கேட்கவில்லை. என் முறை வந்தபோது எல்லாவற்றையும் நானே சொல்லி எழுத வைத்தேன். வீடு வந்து சேரும் வரை அந்த நோட்டுதான் மனதில் ஓடியது. 2013-ல் என் விருந்தில் எழுதிய நோட்டும் அப்படித்தான் இருந்தது.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கே கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கமும், தஞ்சாவூர் மாவட்டத்தில் பேராவூரணி பக்கமும் ஆடி பிறந்தால் மொய் விருந்து தொடங்கிவிடும். ஆவணி வரை நடக்கும். கல்யாணமோ காதுகுத்தோ இருக்க வேண்டியதில்லை. பணத் தேவை இருப்பவர் ஊரைக் கூப்பிட்டு ஆட்டுக்கறிக் குழம்போடு சோறு போடுவார். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். அவர்கள் விருந்து வைக்கும்போது இவர் அந்தப் பணத்தைத் திருப்பி எழுத வேண்டும்; கணக்கு தொடர வேண்டும் என்றால் அதோடு புதிதாகவும் கொஞ்சம் சேர்த்து எழுதுவார், அதுதான் புது மொய். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. நோட்டு ஒன்றுதான் சாட்சி. ஒருவரே எல்லாச் செலவையும் தாங்க முடியாது என்பதால் ஐந்து பேர், பத்து பேர், சில சமயம் இருபது பேர்கூடச் சேர்ந்து ஒரே பந்தலில் வைப்பார்கள். சாப்பாடு பொது, மொய் மேசை மட்டும் ஆளுக்கொன்று.

நான் இரண்டு முறை விருந்து வைத்திருக்கிறேன். உறவினர் விருந்துகளில் மேசையில் உட்கார்ந்து எழுதியும் கொடுக்கிறேன். உப்பு பார்க்க வேண்டும், இலை போதுமான அளவு வாங்க வேண்டும், குடிதண்ணீர் வைக்க வேண்டும் என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

உயிர் எடையைக் கறி எடையாக நினைப்பது

ஆடு வாங்கப் போகும் புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். 20 கிலோ ஆட்டை உரித்தால் எலும்போடு சேர்த்து ஏறக்குறைய 10 கிலோதான் கறி தேறும். ஆடு மெலிந்திருந்தால் இன்னும் குறையும். காலையில் நன்றாக மேயவிட்டு, தண்ணீர் காட்டி நிறுத்திய ஆட்டை எடை போட்டால் வயிற்றில் இருப்பதற்கும் சேர்த்துக் காசு கொடுப்பீர்கள்.

குழம்பாக வைத்தால் 1 கிலோ கறி 8 பேருக்கு வரும் என்பது என் கணக்கு. 1,000 பேர் என்றால் 125 கிலோ கறி. அதற்கு 250 கிலோ உயிர் எடை வேண்டும், அதாவது 20 கிலோ ஆடு 12 அல்லது 13. ஒரு விருந்தில் 125 கிலோவுக்கு ஆடு பிடித்து வந்துவிட்டு, உரித்துத் தொங்கவிட்ட பிறகு பங்காளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் கறிக்கடைக்கு ஓடினால் கடைக்காரர் சொல்வதுதான் விலை. தலை, குடல், ரத்தம் ஆகியவற்றைப் பந்திக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை வேலை செய்பவர்களுக்கே சரியாக இருக்கும்.

முற்றிய ஆட்டுக் கறியையும் இளங்கறியையும் ஒரே அண்டாவில் போடவும் கூடாது. ஒன்று கரைந்துபோகும்போது இன்னொன்று வேகாமல் கிடக்கும். வெட்டும்போதே தனித்தனியாகப் பிரித்து வையுங்கள்.

ஆடிக்காற்று

அடுப்புக்கு மேற்கே தகரம் கட்டாமல் தீ மூட்டாதீர்கள். பந்தல் கீற்றால் ஆனது, காற்றில் பொறி பறந்தால் பற்றிக்கொள்ளும்.

பெயரை மட்டும் எழுதிய நோட்டு

இப்போது அந்த நோட்டுக்கு வருகிறேன்.

2013 ஆடியில் நாங்கள் 8 பேர் சேர்ந்து விருந்து வைத்தோம். என் கவனமெல்லாம் கறியிலேயே இருந்தது. விடியற்காலையில் ஆடு வெட்டியதிலிருந்து கடைசிப் பந்தி வரை அண்டாவை விட்டு நான் நகரவில்லை. என் மேசைக்கு அக்கா மகனை உட்காரவைத்தேன். நன்றாகப் படித்த பையன், கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும். பன்னிரண்டு மணிக்கு மேல் கூட்டம் நெருக்கியது. அவன் வேகமாக எழுதினான். நடுவில் ஒருமுறை எட்டிப் பார்த்து, "அப்பா பேரையும் எழுதுடா" என்றேன். "எல்லாம் நமக்குத் தெரிஞ்ச ஆளுங்கதானே மாமா" என்றான். சரி என்று நானும் அண்டாவுக்குத் திரும்பிவிட்டேன். அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

எங்கள் பக்கம் கருப்பையா என்ற பெயர் தெருவுக்கு இரண்டு இருக்கும். என் நோட்டில் ஒரே ஊரைப் போட்டு இரண்டு கருப்பையா. ஒருவருக்கு நேரே 5,000, இன்னொருவருக்கு நேரே 500. எது யாருடையது என்று நோட்டில் இல்லை. இருவருமே எனக்குத் தெரிந்தவர்கள்தான்.

2015-ல் அவர்களில் ஒருவர் விருந்து வைத்தார். தென்னந்தோப்பு உள்ளவர், அதனால் 5,000 எழுதியவர் இவர்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பழைய 5,000-த்தோடு புதிதாக 1,000 சேர்த்து 6,000 எழுதினேன். மேசையில் இருந்தவர் அவர்கள் நோட்டைப் பார்த்து, "பழசு 500, புதுசு 5,500" என்று வாசித்தாராம். அந்தச் சத்தத்தில் என் காதில் விழவில்லை. காதில் விழுந்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

அடுத்த ஆடியில் இன்னொரு கருப்பையாவின் விருந்து. பழைய 500, புதிது 1,000 என்று கணக்குப் போட்டு 1,500 எடுத்துப் போனேன். மேசையில் இருந்தவர், "உங்க பேர்ல 5,000 நிக்குதே அண்ணே" என்றார். இல்லை, 500தான் என்று நான் சொன்னேன். எனக்குப் பின்னால் இருபது பேர் நின்றிருந்தார்கள். சத்தம் கேட்டு அந்தக் கருப்பையாவே வந்தார். தான் யார் யாருக்கு எவ்வளவு செய்தோம் என்று எழுதி வைத்திருந்த நோட்டை வீட்டுக்குள்ளிருந்து எடுத்து வந்து காட்டினார். தேதி, இடம், தொகை எல்லாம் இருந்தன. "மாப்பிள்ளை, நான் செஞ்சது எனக்கு மறந்துபோகுமா?" என்றுதான் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற மச்சானிடம் 3,500 வாங்கி எழுதிவிட்டு வந்தேன். புது மொய் ஒரு ரூபாய்கூட வைக்க முடியவில்லை. வாங்கியதை மட்டும் திருப்பி எழுதினால் எங்கள் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்தான்: உனக்கும் எனக்கும் கணக்கு முடிந்தது. நான் அந்த அர்த்தத்தில் செய்யவில்லை என்று அவருக்குச் சொல்லிப் புரியவைக்க இரண்டு வருடம் ஆனது.

முதல் கருப்பையாவிடம் தவறிப்போன பணத்தை என்னால் கேட்க முடியவில்லை. அவர் நோட்டில் அது முறையாக ஏறிய புது மொய். என் அடுத்த விருந்தில் திருப்பி எழுதுவார் என்று காத்திருந்தேன். எங்கள் பக்கம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் வைப்போம். 2018-ல் வீட்டில் ஒரு துக்கம், அதனால் ஒரு வருடம் தள்ளிப்போனது. அந்த நவம்பர் 16-ல் கஜா புயல் வந்தது. எங்கள் பகுதித் தோப்புகள் எப்படிக் கிடந்தன என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அவருடைய தோப்பில் நின்ற மரத்தை விரல் விட்டு எண்ணலாம். 2019 ஆடியில் என் விருந்துக்கு வந்து 2,000 எழுதிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, "மிச்சத்தை அப்புறம் பாத்து செஞ்சிடுறேன்" என்றார். 500 மட்டும் எனக்குச் செய்திருந்த மனிதர். என் நோட்டின் தவறுக்கு அவரைக் கடனாளி ஆக்கிவிட்டேன். மீதி 3,500 இன்னும் நோட்டில் நிற்கிறது. நான் அதைக் கேட்கப் போவதில்லை.

இப்போது நான் மேசையில் உட்கார்ந்தால் நான்கு விஷயம் கேட்காமல் தொகையை எழுதுவதில்லை: ஊர், அப்பா பெயர் முழுதாக, தெரு, ஊரில் அவரை அழைக்கும் அடையாளப் பெயர். "மில்லுக்காரர்", "பெரிய வீடு", "வாத்தியார் மகன்" என்று எதுவாக இருந்தாலும் அதையும் எழுதுவேன். தலைப்பெழுத்து மட்டும் போதாது. க. கருப்பையா என்று எழுதினால் அந்த "க" கந்தசாமியா கணேசனா என்று ஐந்து வருடம் கழித்து யார் சொல்வது? ஒருவர் பணத்தை இன்னொருவர் கொண்டு வந்திருந்தால், கொண்டு வந்தவர் பெயரும் ஓரத்தில் இருக்க வேண்டும்.

எழுதுபவரே பணத்தையும் எண்ணக் கூடாது. ஒருவர் எண்ணட்டும், ஒருவர் எழுதட்டும். எழுதிய வரியை, பழையது இவ்வளவு, புதியது இவ்வளவு என்று பிரித்து, பணம் கொடுத்தவர் காதில் விழும்படி வாசித்துக் காட்டிய பிறகே அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும். கூட்டம் முனகும். முனகட்டும்.

இப்போது பல விருந்துகளில் கணினி வைத்து ரசீது கொடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் கணினியும் நீங்கள் கொடுத்ததைத்தான் வைத்துக்கொள்ளும். அப்பா பெயர் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் போகும் தம்பிகளை அங்கேயும் பார்க்கிறேன்.

இன்னொன்று. விருந்து முடிந்த அன்று இரவே, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், வீட்டில் உள்ள பெரியவர்களை, முக்கியமாக அம்மாவையும் மனைவியையும் உட்காரவைத்து நோட்டை முதல் வரியிலிருந்து வாசியுங்கள். "இது நம்ம சின்னம்மா வீட்டுக்காரர், அவங்க அப்பா பேரு வேற" என்று அவர்கள்தான் திருத்துவார்கள். யார் யாருடன் வந்தார்கள், எந்தப் பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று அன்றிரவு எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரு வாரம் போனால் அது இருக்காது. 2019 நோட்டை அப்படித்தான் வாசித்தோம். முடிக்க இரவு இரண்டு மணி ஆனது. பதினோரு வரிகளைத் திருத்தினோம்.

செலவைச் சமமாகப் பிரிப்பது

சேர்ந்து வைப்பவர்களில் ஒருவர் 1,000 பேரைக் கூப்பிடுவார், இன்னொருவருக்கு 200 பேருக்கு மேல் உறவு கிடையாது. கறிச் செலவை இருவருக்கும் சமமாகப் போட்டால் சின்னவர் பெரியவருடைய விருந்தாளிகளுக்கும் சேர்த்துச் சோறு போட்டதாக ஆகும். மனத்தாங்கல் அங்கேதான் தொடங்கும், ஆனால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பந்தல், பாத்திரம், ஒலிபெருக்கி ஆகியவற்றைச் சமமாகவும், கறி, அரிசி, மளிகையை அடித்த பத்திரிகையின் எண்ணிக்கைப்படியும் பிரித்துக்கொள்ளுங்கள். ஆடு வாங்கும் முன்பே இதைப் பேசிவிட வேண்டும்.

சைவப் பந்தி

தனி இடம், தனி அடுப்பு, தனிக் கரண்டி. முதல் பந்தியிலேயே தொடங்குங்கள்.

மேசைப் பலகை

ஒரே பந்தலில் பத்து மேசை இருந்தால் பெரியவர்கள் தடுமாறுவார்கள். பெயரும் ஊரும் பெரிய எழுத்தில் தலைக்கு மேலே தெரிய வேண்டும். தவறான மேசையில் எழுதிய மொய்யைத் திரும்ப வாங்குவது இரண்டு பக்கமும் சங்கடம்.

வந்த பணத்தை மொத்தமாக ஒரே இடத்தில் போடுவது

மொய்யை வைத்துக் கிணறு வெட்டலாம், நிலத்தை மீட்கலாம், பிள்ளையைப் படிக்கவைக்கலாம். அதற்குத்தான் விருந்து வைக்கிறோம். ஆனால் அடுத்த ஆடியிலேயே உங்கள் நோட்டில் உள்ளவர்களிடமிருந்து பத்திரிகைகள் வரும். சில ஆடியில் ஒரே நாளில் மூன்று வரும். முதல் இரண்டு வருடத்தில் யார் யார் விருந்து வைக்கப் போகிறார்கள் என்று விசாரித்து, அவர்களுக்கு உரிய தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதியைத் தொடுங்கள். கஜாவுக்குப் பிறகும், 2020-ல் ஊரடங்கால் விருந்துகள் நின்றபோதும், திணறியவர்களில் பலர் வந்ததை அப்படியே ஒரே இடத்தில் போட்டு முடக்கியவர்கள்.

பாகம் பிரிந்த வீடு

அண்ணன் தம்பி பிரியும்போது நிலத்துக்கு முன்னால் நோட்டைப் பிரியுங்கள். எந்த வரி யாருக்கு என்று இருவரும் ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு படி எடுத்துக்கொள்ளுங்கள்.

இறந்தவர் பெயரில் நிற்கும் மொய்

அந்த வரியை அடிக்காதீர்கள். பக்கத்தில் மகன் அல்லது மகள் பெயரையும் இப்போது இருக்கும் ஊரையும் எழுதுங்கள். அவர்கள் வீட்டில் விருந்து இல்லாவிட்டாலும் கல்யாணமோ காதுகுத்தோ வரும். பத்திரிகை வராவிட்டாலும் போய் எழுதிவிட்டு வாருங்கள்.