கொரிய அரிசி கேக் 'தொக்': தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் மாவை ஏற்ற வேண்டும் என்பது யாருக்கும் தெரியும். தொக் செய்யப் புதிதாக இறங்குகிறவர்கள் சறுக்குவது வேறு இடங்களில்.

கடை மாவை ஈர மாவாக நினைப்பது

குழந்தையின் நூறாம் நாளுக்குக் கொரியர்கள் அவிக்கும் வெள்ளைத் தொக்தான் பேக்சொல்கி. மாவு, உப்பு, சர்க்கரை, தண்ணீர் தவிர அதில் எதுவும் இல்லை. ஈரம் தப்பினால் மறைக்க வழியில்லை. கொரியச் செய்முறைகளில் வரும் அரிசி மாவு பெரும்பாலும் குட்டை அரிசியை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, அரைத்த ஈர மாவு. அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். பாக்கெட் மாவு காய்ந்தது. இதைச் சொல்லாமல் "500 கிராம் மாவு, 5 ஸ்பூன் தண்ணீர்" என்று மொட்டையாக எழுதுவதைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. அதை நம்பிப் பாக்கெட் மாவை ஏற்றினால், எத்தனை நேரம் அவித்தாலும் கத்தி வைத்ததும் பொலபொலவென்று உதிரும். மாவுச்சத்து வெந்து பிணைய மாவுக்குள்ளேயே தண்ணீர் வேண்டும். ஆவியின் ஈரம் மட்டும் போதாது.

500 கிராம் ஈர மாவுக்கு 5 கிராம் உப்பு. தண்ணீரை ஒவ்வொரு ஸ்பூனாகத் தெளித்து, உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்துக் கட்டிகளை உடையுங்கள். புட்டு மாவைப் பார்ப்பதுபோல ஒரு பிடி பிடித்துப் பாருங்கள். அதோடு நிறுத்தாமல், பிடித்த உருண்டையை உள்ளங்கையிலேயே இரண்டு மூன்று முறை மெல்லத் தூக்கிப் போடுங்கள். உடைந்தால் இன்னொரு ஸ்பூன் தண்ணீர். உடையாமல் நின்றால் இரண்டு முறை சலித்து ஏற்றலாம். 20 நிமிடம் நல்ல தீயில், 5 நிமிடம் அடுப்பை அணைத்து. பாக்கெட் மாவுக்குத் தண்ணீர் பல மடங்கு கூடுதலாகப் பிடிக்கும். பிசிறி அரை மணி நேரம் மூடிவைத்த பிறகே இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

சர்க்கரையை முன்பே கலப்பது

ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டும். 500 கிராம் ஈர மாவுக்கான 50 கிராம் சர்க்கரையையும் கடைசிச் சலிப்புக்குப் பிறகு கலந்து, உடனே ஏற்றிவிடுங்கள்.

ஒட்டரிசி மாவை அழுத்தி நிரப்புவது

ஒட்டரிசியை அவித்து இடித்து, வறுத்த சோயா மாவில் புரட்டும் தொக்கான இன்ஜொல்மி செய்கிறவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். ஒட்டரிசி மாவு சூடேறியதும் இளகி, ஆவி ஏறும் வழியை அடைத்துவிடும். நடுவில் பச்சை மாவு அப்படியே நிற்கும். நைசாகச் சலிக்காதீர்கள். கொழுக்கட்டை அளவுக்குத் தளர்வாகப் பிடித்து, இடைவெளி விட்டு அடுக்குங்கள்.

சோங்பியோன் மாவுக்குப் பச்சைத் தண்ணீர்

சோங்பியோன் என்பது உள்ளே பூரணம் வைத்து அவிக்கும் பிறை வடிவத் தொக். பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் வெடிக்கும். கொதிநீர் ஊற்றி, நன்றாக அடித்துப் பிசையுங்கள்.

மூடிக்குத் துணி கட்டாதது

மூடியிலிருந்து நீர் சொட்டும் இடமெல்லாம் குழி.

ஃபிரிட்ஜில் வைப்பது

வேண்டவே வேண்டாம், விறைத்துவிடும். அன்றைக்கே தீராததை, வெதுவெதுப்பு இருக்கும்போதே துண்டு துண்டாகச் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள். வேண்டும்போது மறுபடி ஆவியில் காட்டினால் போதும்.