படைவீரர் நினைவிடமும் நடைபாதையும்: ஊர் கூடி அமைக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

தமிழ்நாட்டின் பல கிராமங்களில், ஏதோ ஒரு பொதுக் கட்டடச் சுவரில், ஒரு சின்னக் கல் பலகை பதித்திருக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று இரண்டு வரி. போனவர்களில் ஒருவர் பெயர்கூட இருக்காது. நூறு வருடம் கழித்து அந்த ஊர்ப் பிள்ளை ஒருத்தி அதன் முன்னால் நின்று, "இதில் எங்க கொள்ளுத் தாத்தா உண்டா?" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

இத்தனைக்கும் பெயர் எழுதும் பழக்கம் நமக்குப் புதிதில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்பதும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்பதும் எழுத்தில் உண்டு. ஒரு நாயின் பெயரே 1,400 வருடம் நின்றிருக்கும் மண்ணில், கடல் தாண்டிப் போன மனிதர்கள் வெறும் எண்ணிக்கையாகிப் போனார்கள்.

இப்போது ஊர் ஊராக முன்னாள் படைவீரர்கள் சேர்ந்து நினைவிடம் எழுப்புகிறார்கள். சுற்றி ஒரு நடைபாதை, வழியெங்கும் தகவல் பலகைகள், பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வரும் திட்டம் என்று நல்ல நல்ல யோசனைகள். இரண்டு மூன்று ஊர்களில் இந்த வேலையில் கூடமாட நின்றிருக்கிறேன். எல்லா இடத்திலும் ஒரே மாதிரித்தான் சறுக்குகிறது. முதலில் ஸ்தூபியின் உயரம் பேசுவார்கள், அப்புறம் வளைவு, அப்புறம் திறப்பு விழாவுக்கு யாரைக் கூப்பிடுவது. பெயர்ப் பட்டியல் கடைசி வாரத்தில், வாட்ஸ்அப்பில், அவசர அவசரமாகத் தயாராகும். தலைகீழாகச் செய்ய வேண்டும். முதல் ஆறு மாதம் பெயர்களுக்கு, கல் அப்புறம்.

பெயரில் வரும் பிழைகள்

ராணுவ ஆவணங்களில் நம் ஆட்களின் பெயர் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். அதைப் பார்த்துத் தமிழில் எழுதும்போது காளிமுத்து கலிமுத்து ஆகிறார், மாறன் மாரன் ஆகிறார், அறிவழகன் அரிவளகன் ஆகிறார். தட்டச்சு செய்பவருக்கு அது ஒரு எழுத்து. அந்த வீட்டுக்காரம்மாவுக்கு அது வேறு யாரோ ஒருவரின் பெயர். ஓர் ஊரில் திறப்பு விழா அன்று ஒரு பாட்டி கல்லில் விரல் வைத்துத் தேடிக்கொண்டே இருந்தார். அவர் தம்பி பெயர் அங்கேதான் இருந்தது, ழகரத்துக்குப் பதில் லகரத்தோடு. கடைசிவரை அவர் கண்ணுக்கு அது தம்பியாகத் தெரியவில்லை. மறுபடி பலகையை மாற்றினோம். ஆனால் அந்த நாளை மாற்ற முடியவில்லை.

இதற்கு வழி இருக்கிறது. எண், ரேங்க், பிரிவு எல்லாம் படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் டிஸ்சார்ஜ் புக்கிலும், ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ.விலும் இருக்கும். அவை தொலைந்திருந்தால் பதக்கத்தைக் கேளுங்கள். பல பதக்கங்களின் விளிம்பில், காசின் ஓரத்தில் கீறியதுபோல, அந்த வீரரின் எண்ணும் பெயரும் பிரிவும் பொறித்திருக்கும். பீரோவில் ஐம்பது வருடமாகக் கிடக்கும் பதக்கத்தை யாரும் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் விசாரியுங்கள். ஆனால் பெயரின் தமிழ் எழுத்தை மட்டும் வீட்டில் கேளுங்கள். கல்லில் வரப்போகும் அதே அளவில் தாளில் அச்சடித்து, குடும்பத்தாரிடம் படிக்கக் கொடுத்து, கையெழுத்து வாங்கிய பிறகுதான் கல்வெட்டுபவரிடம் போக வேண்டும்.

ஒரே ஊரில் மூன்று சின்னசாமி இருப்பார்கள். பழைய ஆவணங்களில் இனிஷியல்கூட இருக்காது. தகப்பனார் பெயரோ ராணுவ எண்ணோ சேர்க்காவிட்டால் மூன்று குடும்பமும் ஒரு பெயருக்கு மாலை போடும்.

ரேங்கிலும் கவனம் வேண்டும். சிப்பாய், லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார், நாயிப் சுபேதார், சுபேதார் என்று ஒவ்வொன்றும் வியர்வை சிந்தி ஏறிய படி. பீரங்கிப் படையில் இருந்தவர் கன்னர், ராணுவப் பொறியாளர் பிரிவான மதராஸ் சாப்பர்ஸில் இருந்தவர் சாப்பர். எல்லோரையும் 'ராணுவ வீரர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது மரியாதை போலத் தோன்றும். விவரம் தெரிந்த முன்னாள் வீரர் ஒருவரை பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள், அவர் முகமே சொல்லிவிடும்.

யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது

இதை முதல் கூட்டத்திலேயே எழுதி வைக்காவிட்டால் பாதி வேலையில் சண்டை வரும்.

மத்திய ரிசர்வ் போலீஸ் படை, எல்லைப் பாதுகாப்புப் படை எல்லாம் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவை. அரசுக் கணக்கில் 'முன்னாள் படைவீரர்' என்றால் முப்படையினர் மட்டும்தான். ஆனால் 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் இறந்த 40 ரிசர்வ் போலீஸ் படையினரில் இருவர் தமிழ்நாட்டுக்காரர்கள். அவர்கள் ஊரில் போய் "இவர் ராணுவம் இல்லை" என்று சொல்ல முடியுமா? ஊர் நினைவிடத்துக்கு அரசு விதி தேவையில்லை. என் கருத்தில் சேர்க்க வேண்டும், எந்தப் படை என்று தெளிவாக எழுத வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் ஒரே வீட்டு அண்ணன் பிரிட்டிஷ் இந்தியப் படையிலும், மலாயா போன தம்பி நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்திலும் இருந்திருக்கலாம். ஒருவரை மட்டும் எழுதினால் பாதி வரலாறு போய்விடும். இருவரையும் எழுதி, யார் எங்கே நின்றார் என்றும் எழுதுங்கள். பிள்ளைகளுக்கு அது புரியும்.

இலங்கைக்கு 1987 முதல் 1990 வரை போன அமைதிப்படையினர் விஷயத்தில் பல ஊர்கள் சங்கடப்பட்டு மௌனமாகிவிடுகின்றன. காரணம் புரிகிறது, அந்தப் போரைப் பற்றித் தமிழர் மனதில் இருக்கும் வலி ஆழமானது. ஆனாலும் உத்தரவுக்குப் போய், திரும்பி வராத ஆள் ஒரு தாயின் பிள்ளைதான். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25 அன்று அங்கேதான் உயிரிழந்தார், அவருக்கு போர்க்கால வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. பலகையில் போரைப் புகழவும் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம். எந்த வருடம், எந்த இடம், எத்தனை நாள் என்று எழுதினால் போதும்.

சண்டை போடாதவர்களையும் மறந்துவிடுகிறோம். சமையல்காரர், தண்ணீர் சுமந்தவர், கோவேறு கழுதை ஓட்டியவர், சாலை போட்டவர். ஈராக்கில் உள்ள பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் முதல் உலகப் போரில் இறந்த பிரிட்டிஷாரின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்கள் பிரிவுவாரியாக வெறும் எண்ணிக்கையாக நின்றார்கள். அந்தச் சின்னத்துக்குப் பொறுப்பான காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் வெளியிட்ட அறிக்கையில், பெயரோடு நினைவுகூரப்படாமலோ அடியோடு விடப்பட்டோ போனவர்கள் குறைந்தது 1,16,000 பேர் என்று ஒப்புக்கொண்டது. அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள். அவ்வளவு பெரிய அமைப்பு செய்த அதே தவறை நம் ஊர்ச் சுவரிலும் செய்ய வேண்டியதில்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பெயர்களைத் தெருவாரியாக அடுக்காதீர்கள். தெருவாரி என்றால் நம் ஊரில் சாதிவாரி என்று அர்த்தம். வருட வரிசையோ அகர வரிசையோ போதும். இடமும் அப்படித்தான். ஊரில் எல்லோரும் தயங்காமல் கால் வைக்கும் பொது நிலமாக இருக்க வேண்டும். ஒரு தெருவின் கோயில் வாசலில் வைத்தால் மறு தெருவிலிருந்து போன வீரரின் விதவை அங்கே வரமாட்டார். சென்னை நந்தம்பாக்கத்தில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். பதவியில் உயர்ந்தவரும் சாதாரணச் சிப்பாயும் ஒரே மாதிரி கல்லின் கீழ்தான் இருக்கிறார்கள்.

'உபயம்' பலகையை வெளியேறும் வழியில் சின்னதாக வையுங்கள். கொடுத்தவர் பெயர் போனவர் பெயரைவிடப் பெரிதாக இருக்கும் நினைவிடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

நடைபாதை

பளபளக்கும் கறுப்புக் கிரானைட் எல்லோருக்கும் பிடிக்கும். நம் மக்கள் நினைவிடம் என்றால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள், யாரும் சொல்ல வேண்டியதில்லை. மே மாதம் பகல் பதினோரு மணிக்கு அந்தக் கறுப்புக் கல்லில் வெறுங்காலோடு நின்று ஒரு பலகையைப் படித்துப் பாருங்கள். இரண்டு வரிக்கு மேல் முடியாது. எண்பது வயது முன்னாள் வீரர் நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி வைப்பதைப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. மழை பெய்தால் அதே கல் வழுக்கும். தரைக்கு வெளிர் நிறத்தில், சொரசொரப்பான கல் போடுங்கள். கறுப்பு வேண்டுமென்றால் சுவரோடு நிற்கட்டும்.

அகலம் ஒன்றரை மீட்டராவது இருந்தால் சக்கர நாற்காலியும் பக்கத்தில் ஒரு ஆளும் போகலாம். படி வைக்கும் இடத்தில் சாய்தளம் வேண்டும்: ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம். காலை இழந்தவர்களும் வரப்போகும் இடத்தில் மூன்று படி வைத்துக் கட்டுவது பெரிய பிழை. முப்பது மீட்டருக்கு ஒரு இருக்கை, அதன் மேல் நிழல். அழகுக்கென்று வைக்கும் பாம் மரங்கள் நிழல் தராது. புங்கனும் வேம்பும் நடுங்கள், பாதையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி. பக்கத்தில் நட்டால் பத்து வருடத்தில் வேர் கல்லைத் தூக்கிவிடும். பலகைகளை முடிந்தவரை வடக்குப் பார்த்து வைத்தால் ஆண்டின் பெரும்பகுதி நேர்வெயில் விழாது, எழுத்தும் சீக்கிரம் வெளுக்காது.

பலகையில் என்ன எழுதுவது? இங்கேதான் நல்ல மனதுக்காரர்கள் அதிகம் தவறு செய்கிறார்கள். போர் வரலாறு முழுவதையும் நான்கு பத்தியில் எழுதி ஒட்டிவிடுவார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை முதல் வரியைப் படித்துவிட்டு அடுத்த பலகைக்கு ஓடிவிடும். ஒரு நிறுத்தத்துக்கு ஒரே விஷயம் போதும். இமயத்தின் சியாச்சின் பனிமலையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? ஊட்டி பக்கத்துத் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். சியாச்சினில் நம் வீரர்கள் நிற்கும் மிக உயரமான காவல் சாவடிகள் 6,000 மீட்டருக்கும் மேலே. ஊட்டிக்குப் போய் வந்த பிள்ளைக்கு அந்த ஒரு ஒப்பீடே போதும். கீழே, நம் ஊரிலிருந்து அங்கே நின்ற ஆளின் பெயர், எந்த வருடம், அவர் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வரி. மெசபடோமியா என்று எழுதினால் இன்றைய ஈராக் என்றும் எழுதி, ஒரு சின்ன வரைபடமும் போடுங்கள்.

சிலை வைப்பதாக இருந்தால், 1915இல் போனவருக்கு இன்றைய புள்ளிச் சீருடை மாட்டிவிடாதீர்கள். கியூஆர் கோடு நல்லதுதான், முக்கியமானதை மட்டும் அதற்குள் ஒளிக்காதீர்கள். இணைப்பு செத்தால் கதையும் போய்விடும்.

திறப்பு நாளும் அதற்குப் பிறகும்

நினைவிடத்தை தேசியக் கொடியால் மூடி வைத்து, விருந்தினர் இழுத்துத் திறப்பதை அழகு என்று நினைக்கிறார்கள். அது சட்டப்படி தவறு. சிலையையோ நினைவுச் சின்னத்தையோ தேசியக் கொடியால் போர்த்துவது 1971ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும். வேறு துணியால் மூடுங்கள், கொடி தனியாகக் கம்பத்தில் பறக்கட்டும். கிழிந்த, வெளுத்த கொடியை ஏற்றி வைக்கக் கூடாது என்பதால் மாற்றுக் கொடி ஒன்று எப்போதும் கையிருப்பில் வேண்டும்.

நாள் பார்க்கும்போது ஜூலை 26 கார்கில் வெற்றி நாள், டிசம்பர் 7 கொடிநாள் என்று யோசிப்பார்கள். ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம் என்பது பலருக்குத் தெரியாது. பொங்கல் நேரம், வெளியூரில் இருப்பவர்களும் ஊரில் இருப்பார்கள். விழா வைக்காவிட்டாலும், விட்டுப்போன பெயர்களைக் கேட்டுச் சேர்க்க அதைவிட நல்ல நாள் கிடையாது.

எப்படித் தேடினாலும் சில பெயர்கள் விட்டுப்போகும், திறந்த மறுமாதமே யாராவது பழைய பதக்கத்தோடு வருவார்கள். ஒரே பெரிய கல்லில் நெருக்கி எழுதியிருந்தால் அவருக்கு இடம் இருக்காது. டெல்லியில் 2019இல் திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் ஒவ்வொரு வீரருக்கும் தனிக் கல் பலகை. ஊர் அளவிலும் அதையே செய்யலாம். பஞ்சாயத்து நூலகத்தில் ஒரு நோட்டு வைத்து, விட்டுப்போன பெயர், பிழையான எழுத்து எதுவானாலும் எழுதச் சொல்லுங்கள். கல் வாங்கும் அன்றே, அதே குவாரியில், அதே வெட்டில், பத்துப் பதினைந்து வெற்றுப் பலகைகளைச் சேர்த்து வாங்கி உள்ளே அடுக்கி வையுங்கள். ஐந்து வருடம் கழித்துப் போனால் அந்த நிறம் கிடைக்காது.