மாம்பலகையில் ஒரு பெஞ்சு: முதன்முறை செய்பவர்களுக்கு

கிருஷ்ணகிரிப் பக்கம் காய்ப்பு ஓய்ந்த மாமரங்களை வெட்டும்போது அடிமரம் அறுவை மில்லுக்கு வந்துவிடும். தேக்கை விட மிகக் குறைந்த விலையில் பலகை கிடைக்கும். இருவர் அமரும் பெஞ்சு ஒன்றை அதில் செய்து பழகலாம். நீளம் 3 அடி, அகலம் 12 அங்குலம், உயரம் 18 அங்குலம். கால்கள் 2 அங்குலச் சதுரம், கால்களை இணைக்கும் சட்டங்கள் 3 அங்குல அகலம், 1 அங்குலத் தடிமன்.

மரத்தைக் காய வைப்பதுதான் முதல் வேலை. ஈரப் பலகையில் ஐப்பசியில் நான் செய்து முடித்த முதல் பெஞ்சு, பங்குனிக்குள் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்துவிட்டது. மாமரத்தைப் பூச்சி எளிதில் துளைக்கும் என்பதால், அறுத்த உடனே, மரம் பச்சையாக இருக்கும்போதே, வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும் கரைத்த நீரைப் பூசுங்கள். பிறகு பலகைகளின் இடையே ஓர் அங்குலக் குச்சிகளை வைத்து நிழலில் காற்றோட்டமாக அடுக்கி, முனைகளில் பெயிண்ட் அடியுங்கள். ஈரம் முனைகள் வழியே வேகமாக வெளியேறுவதால் வெடிப்பு அங்கேதான் தொடங்கும். ஒரு துண்டை வாரம் ஒருமுறை தராசில் நிறுத்து, எடையை அதன் மேலேயே பென்சிலால் எழுதி வாருங்கள். எடை குறைவது நின்ற பிறகே இழைப்புளியைக் கையில் எடுக்க வேண்டும்.

அடுத்து, காலில் துளையும், சட்டத்தின் முனையில் நாக்கு போன்ற கழுந்தும். கழுந்தின் தடிமன் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு, நீளம் முக்கால் அங்குலம் இருந்தால், இருபக்கத் துளைகளும் காலுக்குள் ஒன்றையொன்று தொடாது. அளவுக் கோட்டைக் கத்தியால் கீறுங்கள். உளியின் முனை அந்தக் கீறலில் தானே பதிந்து நிற்கும். துளையை நடுவிலிருந்து வெட்டத் தொடங்கி, ஓரக் கோட்டைக் கடைசியில் தொடுங்கள். கழுந்து கையால் அழுத்தும்போது பாதி இறங்கி, மீதிக்குக் கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியலின் மெல்லிய தட்டு கேட்டால் பொருத்தம் சரி. ஓங்கி அடிக்க வேண்டியிருந்தால் கால் பிளந்துவிடும். பசை தடவிப் பூட்டியதும் இரு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து சமமா என்று பாருங்கள்.

மேற்பலகையை மட்டும் பசையிட்டு ஒட்டாதீர்கள். மழைக்காலத்தில் அது அகலவாக்கில் உப்பும், கோடையில் சுருங்கும். சட்டங்களின் உட்புறம் சிறு கட்டைகளைப் பொருத்தி, அந்தக் கட்டைகளில் பலகையின் அகலவாக்கில் நீண்ட துளையிட்டு, கீழிருந்து திருகாணி முடுக்கினால் பலகை நகர இடமிருக்கும்.

120, பின் 220 எண் உப்புத்தாளால் ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடும். வெட்டவெளியில் விரித்துக் காய வையுங்கள்.