டிவிடி ரைட்டர் எழுதும்போது மட்டும் நின்னுடுதா?
யூஎஸ்பி டிவிடி ரைட்டர் டிஸ்க்கை நல்லா படிக்குது ஆனா எழுதும்போது மட்டும் பாதியில எரர் அடிச்சு நின்னுடுதுன்னா, புதுசு வாங்க பெங்களூர் எஸ்.பி. ரோடு (எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு) ஓடாதீங்க, முதல்ல யூஎஸ்பி ஹப்ல (ஒரு போர்ட்டை பலதா பிரிக்கிற பெட்டி) மாட்டியிருந்தா அதுல இருந்து கழட்டி நேரா லேப்டாப்லயே மாட்டுங்க (டெஸ்க்டாப்னா பின்பக்க போர்ட்), பர்னிங் ஸ்பீடையும் (டிஸ்க்ல எழுதுற வேகம்) இருக்கிறதுலயே கம்மியா வச்சு வேற டிஸ்க்ல ட்ரை பண்ணுங்க.

படிக்கிறதை விட எழுத லேசருக்கு ரொம்ப அதிக பவர் வேணும். யூஎஸ்பி 2.0 போர்ட் தர்றதே 500 மில்லிஆம்ப்தான், தனி அடாப்டர் இல்லாத ஹப்னா அதையும் மவுஸு, பென்டிரைவுன்னு எல்லாம் பங்கு போட்டுக்கும், அப்புறம் ரைட்டருக்கு எங்க மிஞ்சும்? ஸ்பீட் குறைச்சா மோட்டாரும் லேசரும் இழுக்கிற கரண்ட் குறையும். அப்பவும் பத்தலைன்னா ரெண்டு யூஎஸ்பி முனை உள்ள ஒய் கேபிள் போடுங்க, அதே எஸ்.பி. ரோட்டுலயே தேடிப் பாக்கலாம்.

டிஸ்க்கை படிக்கவே மாட்டேங்குதுன்னா இது உதவாது, அது லென்ஸ் தூசியா இருக்கலாம். சிடி ஓடுது டிவிடி மட்டும் ஓடலைன்னாலும் கேபிளுக்கு காசு செலவு பண்ணாதீங்க, சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650 நானோமீட்டர்னு லேசரே வேற, பெரும்பாலும் அந்த டிவிடி லேசர் போயிருக்கும்.