உப்புக்காத்துல வீட்டு விமானம் கட்டுறவங்களுக்கு சில பட்டறை விஷயங்கள்

விமானத்த நாமளே கட்டுறதுக்கு பாகங்களா வர்ற கிட் வந்து இறங்குன அன்னைக்கே ரிவெட் (தகடுகள சேத்து பிடிக்கிற ஆணி) அடிக்கணும்னு கை துறுதுறுங்கும், அடிக்காதீங்க, முதல்ல ஷெட்ட பாருங்க. ராமேஸ்வரம் பக்கம் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம்னு எங்க உக்காந்து கட்டுனாலும் நமக்கு முதல் வேலை உப்போடதான். 1914ல திறந்த பாம்பன் ரயில் பாலத்துக்கு விடாம பெயின்ட் அடிச்சுக்கிட்டே இருந்தாங்க, அப்படியும் 2022 டிசம்பர்ல அதுல ரயில நிப்பாட்ட வேண்டி வந்ததுக்கு காரணம் துருதான். அவ்வளவு பெரிய இரும்புக்கே அந்த கதின்னா அரை மில்லிமீட்டர் அலுமினிய ஷீட்ட யோசிச்சுக்கங்க.

நிறைய கிட்ல 6061-டி6 இல்லைன்னா 2024-டி3ங்கிற ரக அலுமினிய ஷீட் வரும். 2024 ரகத்துல காப்பர் 4 சதவீதத்துக்கு மேல இருக்கு, பலம் ஜாஸ்தி ஆனா உப்பு பட்டா சீக்கிரம் அரிச்சுரும், அதனாலதான் மேல சுத்த அலுமினியத்த தோல் மாதிரி மெல்லிசா ஒட்டி கொடுக்குறாங்க. அந்த தோல்ல கீறல் போட்டுட்டா காவல் போச்சு. ஆணியால கோடு கிழிக்காதீங்க, பென்சிலும் வேணாம், அதோட கரி அலுமினியத்தோட சேந்தா அந்த கோட்டுலயே அரிக்க ஆரம்பிக்கும், மார்க்கர் பேனா போதும்.

நான் பண்ண தப்ப சொல்றேன். ஷீட்டுகளுக்கு நடுவுல நியூஸ் பேப்பர் வச்சு, படுக்க அடுக்கி, மேல தார்ப்பாயும் போத்தி பத்திரமா வச்சதா நெனச்சேன். ஐப்பசி கார்த்திகை மழை பூரா அப்படியே கெடந்துச்சு. தை மாசம் பிரிச்சா பேப்பர் ஈரத்தோட ஷீட்ல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, உரிச்சா அடியில வெள்ளையா சாம்பல் பூத்த மாதிரி. நகத்தால சுரண்டுனேன், பொடி உதிர்ந்துச்சு, அதுக்கடியில குண்டூசி முனை அளவுக்கு குழி, லென்ஸ் வச்சு பாத்தா ஒரு விரல்கடை இடத்துல பத்து பதினஞ்சு குழி. மனசு விட்டுப்போச்சு. அந்த ஷீட்ட விமானத்துக்கு எடுக்கல, இப்ப ரிவெட் பழகுறதுக்கு வச்சிருக்கேன். அதனால ஷீட்ட மரச்சட்டத்துல நிக்க வைங்க, ஒண்ணுக்கொண்ணு ஒட்டாம காத்து போகட்டும், பேப்பர் அட்டை எதுவும் நடுவுல வேணாம். மேல ஒட்டி வர்ற பிளாஸ்டிக் தாளையும் வருஷக்கணக்கா விட்டுறாதீங்க, அதுக்கடியிலயும் ஈரம் நிக்கும்.

ஷெட் கதவு வாடைக் காத்துக்கு நேரா இருக்க வேணாம், கச்சான் (தென்மேற்கு காத்து) அடிக்கிற மாசங்கள்ல மணலும் சேந்து வரும், அப்ப ப்ரைமர் (பெயின்ட்டுக்கு அடியில பூசுற முதல் பூச்சு) அடிக்கவே அடிக்காதீங்க. ட்ரில் பிட், அரம் எல்லாத்தையும் ஆயில் துணியில சுத்தி மூடி போட்ட டப்பாவுல சிலிகா ஜெல்லோட வைங்க. இரும்பு தேச்ச பிரஷ்ஷ அலுமினியத்து மேல தேய்க்கக் கூடாது, இரும்புத்தூள் அதுல பதிஞ்சு ரெண்டே வாரத்துல புள்ளி புள்ளியா துரு காட்டும்.

அடுத்து தண்ணி, இத யாரும் சொல்ல மாட்டாங்க. ப்ரைமருக்கு முன்னாடி ஷீட்ட ஸ்காட்ச் பிரைட் நாரால தேச்சு கழுவுறோம்ல, அத நம்ம வீட்டு போர் தண்ணியில கழுவுனா உப்ப நாமளே பூசி அதுக்கு மேல பெயின்ட் அடிச்ச கணக்கு. கடைசி அலசலுக்கு கேன் தண்ணியோ பிடிச்சு வச்ச மழைத்தண்ணியோ எடுத்துக்கங்க. கழுவுன ஷீட்ட சாய்ச்சு பிடிச்சா தண்ணி ஒரே படலமா வழியணும், எங்கயாவது முத்து முத்தா நின்னா அங்க இன்னும் எண்ணெய் இருக்குன்னு அர்த்தம், திரும்ப தேய்ங்க, அப்புறம் கையுறை இல்லாம தொடாதீங்க.

ரிவெட்டுக்கு வருவோம். கடைகளுக்கு அலுமினிய கேபின் வேலை செய்றவங்க வச்சிருக்க பாப் ரிவெட் இதுக்கு ஆகாது, கிட்ல என்ன ரகம் சொல்லியிருக்கோ அதேதான். தட்டி அடிக்கிற ஏ.டி. ரக ரிவெட்டுன்னா தலையில சின்னதா ஒரு குழி இருக்கும், பாத்து எடுங்க. 1/8 இன்ச் ரிவெட்டுக்கு 30ம் நம்பர் பிட். ஷீட்டுகள தாண்டி ரிவெட் விட்டத்துல ஒண்ணரை மடங்கு நீட்டிக்கிட்டு இருக்கணும், அதாவது 4.8 மில்லிமீட்டர், அடிச்சப்புறம் உருவாகுற தலை அகலம் அதே 4.8, உயரம் 1.6. ஓட்டை நடுவுல இருந்து ஷீட் ஓரத்துக்கு குறைஞ்சது விட்டத்துல ரெண்டு மடங்கு விடுங்க. ஒவ்வொரு ஓட்டையிலயும் பிசிற எடுத்துருங்க, பெரிய பிட்ட கையில பிடிச்சு ஒரு சுத்து சுத்துனா போதும், அழுத்தி சுத்தி குழி பறிச்சுறாதீங்க.

படகு கட்டுற அண்ணன் ஒருத்தர் என் ஷெட்டுக்கு வந்து பாத்துட்டு, "ஏன் தம்பி, ஃபைபருக்கு நம்ம ரெசினே இருக்குல்ல, டின்னு டின்னா தர்றேன்"னாரு. பாசத்துல சொன்னாரு. ஆனா வள்ளத்துக்கு போடுற பாலியெஸ்டர் ரெசின்ல ஸ்டைரீன் இருக்கு, இறக்கைக்கு வெட்டுற பாலிஸ்டைரீன் ஃபோம் மேல அத ஊத்துனா ஃபோம் கரைஞ்சே போயிரும், பிளான்ல எபாக்ஸின்னா எபாக்ஸிதான். அத தராசுல எடை போட்டு கலக்குங்க, சீக்கிரம் காயட்டும்னு ஹார்ட்னர கூட்டாதீங்க, சித்திரை வெயில்ல கப்புல நிறைய கலக்கி வச்சா புகைஞ்சு கொதிச்சுரும், அகலமான தட்டுல கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக்கங்க. மழை மாசத்துல காஞ்ச எபாக்ஸி மேல வழவழன்னு மெழுகு மாதிரி ஒரு படலம் வரும், அத நல்ல தண்ணியில தேச்சு கழுவாம அடுத்த லேயர் போட்டா ஒட்டாது.

போல்ட்லயும் இதே கதை, துருப்பிடிக்காதேன்னு படகுக்கு போடுற எஸ்.எஸ். போல்ட்ட எடுத்து மாட்டாதீங்க. அது விமான போல்ட் அளவுக்கு பலமும் கிடையாது, ஈர உப்புல அலுமினியத்தோட சேந்தா போல்ட் நல்லா இருக்கும், சுத்தி இருக்க அலுமினியம் தின்னுக்கிட்டே போகும். விமானத்துக்குன்னே வர்ற ஏ.என். ரக போல்ட்டுக்கு துரு தடுக்க கேட்மியம் பூசியிருக்கும். ஏ.என்.3ங்கிற 3/16 இன்ச் போல்ட்டுன்னா முறுக்கு பொதுவா 20ல இருந்து 25 இன்ச்-பவுண்ட், முறுக்குற அளவ காட்டுற டார்க் ரெஞ்ச் இல்லாம கைக்கணக்குல முறுக்காதீங்க, முறுக்குனதும் நட்டுலயும் போல்ட்லயும் சேத்து ஒரு பெயின்ட் கோடு இழுத்து விடுங்க, அசைஞ்சா கோடு விலகி காட்டிக்கொடுத்துரும்.

மும்பையில மொட்டை மாடியிலயே விமானம் கட்டின அமோல் யாதவ் பல வருஷம் அலைஞ்சுதான் 2019ல விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.கிட்ட பறக்க பர்மிட் வாங்குனாரு. நம்ம பக்கத்துல உச்சிப்புளியில கடற்படையோட ஐ.என்.எஸ். பருந்து தளம் வேற இருக்கு, அனுமதி இல்லாம எதையும் மேல ஏத்துற யோசனையே வேணாம். முதல் ஓட்டை போடுற அன்னைக்கே ஒரு நோட்டு போடுங்க, தேதி, என்ன வேலை, எந்த டின் ப்ரைமர், அன்னைக்கு மழையா வெயிலா எல்லாம் எழுதி, மூடி ரிவெட் அடிக்கிறதுக்கு முன்னாடி உள்பக்கத்த போட்டோ எடுத்து வைங்க, அடிச்சு மூடிட்டா அப்புறம் அந்த இடத்த யாருக்கும் காட்ட முடியாது.