கட்டுமான சைட்டில் தொற்றுக் காலப் பாதுகாப்பு: கேட்டோடு நின்றுபோகும் தவறுகள்

தொற்றுநோய் நேரத்தில் பல சைட்டுகளில் நடக்கிற பெரிய தவறு, எல்லாக் கவனத்தையும் கேட்டிலேயே செலவழித்துவிடுவது. வாசலில் காய்ச்சல் பார்ப்பார்கள், கையில் சானிடைசர் ஊற்றுவார்கள், நோட்டில் பெயர் எழுதுவார்கள். அதே ஆட்கள் ஐந்து நிமிடத்தில் ஆள் ஏற்றும் லிஃப்டில் தோளோடு தோள் ஒட்டி மேலே போய்க்கொண்டிருப்பார்கள்.

காய்ச்சல் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை, அதை மட்டும் நம்பாதீர்கள். கொரோனாவில் அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவலாம், சிலருக்கு அறிகுறியே வராது. வெயிலில் நடந்து வந்தவர் நெற்றியில் உடனே கருவியை நீட்டினால் அளவு ஏறித்தான் காட்டும்; கொஞ்ச நேரம் நிழலில் நிற்கவைத்துப் பாருங்கள். பாராசிட்டமால் போட்டு வந்தவருக்கோ ஒன்றுமே காட்டாது.

அவர் ஏன் மாத்திரை போட்டு வருகிறார் என்று யோசித்தால் அடுத்த தவறு தெரியும். வேலைக்கு வந்தால்தான் கூலி என்று இருக்கும் இடத்தில், உடம்பு சரியில்லை என்று யாரும் வாய் திறக்க மாட்டார்கள். 'காய்ச்சல் இருந்தால் வராதீர்கள்' என்று போர்டு வைத்துவிட்டு அந்த நாட்களுக்குக் கூலி இல்லை என்றால் அந்த போர்டுக்கு என்ன அர்த்தம்? முழுக் கூலி முடியாவிட்டால் ஒரு பகுதியாவது கொடுங்கள், மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் போனவருக்குத் திரும்பி வரும்போது வேலை இருக்கும் என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். ஒருவர் மறைத்து வந்து ஒரு குழுவே படுத்தால் ஆகும் செலவைவிட இது குறைவுதான், என்றாலும் காண்ட்ராக்டர்களை ஒப்புக்கொள்ள வைப்பது என்னவோ கஷ்டம்தான்.

சானிடைசர் விஷயத்தில் இரண்டு தவறு. சிமெண்டும் எண்ணெயும் ஒட்டிய கையில் அது சரியாக வேலை செய்யாது, அங்கே சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும், 20 விநாடியாவது தேய்க்க வேண்டும். அதனால் கேட்டில் மட்டும் இல்லாமல் வேலை நடக்கும் தளத்துக்குப் பக்கத்திலும் குழாய் இருக்கட்டும். இன்னொன்று, 60 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள அந்தத் திரவம் சட்டென்று தீப்பிடிக்கும். வெல்டிங், கட்டிங் நடக்கும் இடத்தில் கேனை வைக்காதீர்கள், கை முழுதாகக் காய்ந்த பிறகே வேலையைத் தொடச் சொல்லுங்கள்.

முகக்கவசத்தில், தூசுக்காகப் போடும் வால்வு வைத்த மாஸ்க்கைத் தொற்றுக்கும் போதும் என்று நினைக்கிறார்கள். அது போட்டவரைக் காக்கும், ஆனால் அவர் விடும் மூச்சு வால்வு வழியாக வடிகட்டாமல் வெளியே போகும். துணி மாஸ்க்கோ நேர் எதிர்: கல், டைல்ஸ் அறுக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசை அது தடுக்காது. வால்வு இல்லாத என்95 என்றால் இரண்டுக்கும் ஆகும், ஆனால் தாடி இருந்தால் ஓரத்தில் காற்று கசியும். அப்புறம் கண்ணாடியில் ஆவி படிவது. சாரத்தில் நிற்பவருக்குப் பார்வை மங்கினால் விழுந்துவிடுவார், மாஸ்க்கின் மூக்குக் கம்பியை அழுத்திப் பொருத்தக் கற்றுக்கொடுங்கள்.

ஆட்கள்மேல் கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கப்பாதைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். எந்தச் சூழ்நிலையிலும் அது வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே சொல்லிவிட்டது. டைல்ஸ் கழுவும் ஆசிட்டோடு ப்ளீச் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பதைக் கிளீனிங் ஆட்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

தொற்று அதிகம் பரவ வாய்ப்புள்ள இடங்கள் வேலை செய்யும் தளம் அல்ல, அது பெரும்பாலும் திறந்தவெளிதான். சாப்பாட்டு ஷெட், ஆட்களை அழைத்துவரும் வேன், சைட் ஆபீஸ், உடை மாற்றும் அறை, தங்கும் இடம், இவைதான். 2020-ல் சிங்கப்பூரில் பதிவான தொற்றுகளில் பெரும்பகுதி வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளில்தான் வந்தது. ஆகவே சாப்பாட்டு நேரத்தைப் பிரித்து விடுங்கள், வேனில் ஜன்னல் திறந்திருக்கட்டும், குடிதண்ணீர் டிரம்மில் ஒரே டம்ளர் சுற்றுவதை நிறுத்துங்கள்.

ஆட்களைக் குழுவாகப் பிரிப்பது நல்ல ஏற்பாடு, கம்பி கட்டுபவர்கள் ஒரு குழு, சென்ட்ரிங் (கான்கிரீட் போடப் பலகை அடிப்பவர்கள்) ஒரு குழு என்று. அதில் எல்லோரும் மறப்பது குழுக்களுக்கு நடுவே ஓடுபவர்களை. என்ஜினியர், ஸ்டோர் கீப்பர், டீ கொண்டுவருபவர் எல்லாத் தளத்துக்கும் போவார்கள், முதலில் அவர்களுக்குத்தான் நல்ல மாஸ்க் போக வேண்டும். ஒரே குழு ஒன்றாகத் தங்கி, ஒன்றாக வந்து, ஒன்றாகச் சாப்பிட்டால்தான் இந்தப் பிரிவினைக்கு பலன் உண்டு.

இடைவெளிக்காக இரண்டு பேர் தூக்க வேண்டிய பொருளை ஒருவரிடம் விடுவதும் தவறு. பக்கத்தில் நின்றுதான் செய்ய வேண்டிய வேலை என்றால் மாஸ்க் போட்டு, ஆளை மாற்றாமல், சீக்கிரம் முடிக்கட்டும். நீண்ட நாள் மூடிக் கிடந்த சைட்டைத் திறக்கும்போது, தொற்று விதிகளைப் படித்துக் காட்டும் அவசரத்தில் சாரத்தின் பிணைப்பு, மின் இணைப்பு, தேங்கிய தண்ணீர் இவற்றைப் பார்க்காமல் ஆட்களை மேலே ஏற்றிவிடாதீர்கள்.