பச்சை ஐகன் இருந்தால் எக்ஸெல் பைல் ஆகிவிடுமா?

மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் பின்னேரங்களில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குக் கொம்பியூட்டர் சொல்லிக்கொடுக்கிறேன். போன கிழமை ஒரு பிள்ளை பென்டிரைவைச் செருகினாள். பச்சை ஐகன் போட்ட ஒரு பைலை டபுள் கிளிக் பண்ணினாள். இரண்டு பெயரைத் திருத்திவிட்டு சேவ் அடித்தாள்.

"அதென்ன பைல் புள்ள?"

"எக்ஸெல் சேர்."

எனக்கு நெஞ்சு திக்கென்றது. அது எக்ஸெல் பைல் இல்லை, வெறும் எழுத்து மட்டும் உள்ள சிஎஸ்வி பைல். சில வருசத்துக்கு முந்தி நானும் அச்சொட்டாக இதையே செய்து, நாலு நாள் மழைக்குள் அலைந்தவன். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் பைல்களில் நாம் வழக்கமாக விடும் பிழைகளைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். அன்டிவைரஸ் போடு, பெக்கப் எடு என்பதையெல்லாம் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

வால் தெரியாமல் வேலை செய்வது

பைல் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் மூன்று நாலு எழுத்தும் வரும். எக்ஸ்டென்ஷன் என்பார்கள், நான் வகுப்பில் வால் என்றுதான் சொல்வேன். விண்டோஸ் அந்த வாலை மறைத்துத்தான் நமக்குத் தருகிறது. ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று எனக்கு இன்றைக்கும் விளங்குவதில்லை. 2000ஆம் ஆண்டு மே மாதம் உலகத்தையே ஆட்டிய 'ஐ லவ் யூ' வைரஸ் இந்த மறைப்புக்குள் புகுந்துதான் வந்தது. கண்ணுக்குத் தெரிந்தது வெறும் எழுத்துப் பைலுக்குரிய டிஎக்ஸ்டி என்ற வால். அதற்குப் பின்னால் விபிஎஸ் என்ற உண்மையான வால் ஒளிந்திருந்தது. காதல் கடிதம் என்று நம்பித் திறந்தவர்கள் ஒரு புரோகிராமை ஓடவிட்டார்கள்.

விண்டோஸ் 11 என்றால் பைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ', அதில் 'ஷோ', அதில் 'பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்'. ஒருதரம் டிக் போட்டால் போதும். புதுக் கொம்பியூட்டரில் நான் செய்யும் முதல் வேலை இதுதான், வால்பேப்பர் மாற்றுவதெல்லாம் பிறகு.

பெயரை மாற்றினால் பைல் மாறும் என்று நினைப்பது

விண்ணப்பத்தோடு பிடிஎப் கேட்டிருக்கிறார்கள் என்று, போனில் எடுத்த போட்டோவின் வாலை வெட்டிவிட்டு பிடிஎப் என்று எழுதிக்கொண்டு வருவார்கள். ஐகன் மாறும், உள்ளே இருப்பது மாறாது. உண்மையான பிடிஎப் பைல் ஒன்றை நோட்பேட்டில் திறந்து பாருங்கள். முதல் வரியிலேயே ஒரு சதவீதக் குறியும் பிடிஎப் என்ற மூன்று எழுத்தும் இருக்கும். வேர்ட் பைலின் தொடக்கத்தில் பி, கே என்று இரண்டு எழுத்து இருக்கும். பைல்களைச் சுருக்கிக் கட்டும் ஸிப் முறையை உருவாக்கிய பில் கட்ஸ் என்பவருடைய பெயரின் முதலெழுத்துகள் அவை. 2007 முதல் வந்த வேர்ட் பைல் உண்மையில் ஒரு ஸிப் பொட்டலம்தான். ஒரு பிரதி எடுத்து, அதற்கு ஸிப் என்று வாலை மாற்றித் திறந்தால் உள்ளே 'மீடியா' என்ற போல்டரில் படங்கள் வரிசையாகக் கிடக்கும். வேர்டுக்குள் மாட்டிக்கொண்ட போட்டோவை எடுத்துத்தரச் சொல்லி வருபவர்களுக்கு நான் இப்படித்தான் எடுத்துக்கொடுக்கிறேன். பார்த்து நிற்பவர்கள் ஏதோ வித்தை என்று நினைப்பார்கள்.

சிஎஸ்வி பைலை டபுள் கிளிக்கில் திறந்து சேவ் பண்ணுவது

என் கதை இதுதான்.

மாரி மழைக்கு வாவிக்கு அக்கரையிலுள்ள படுவான்கரைப் பக்கம் வெள்ளம். கொழும்பிலிருந்த ஒரு நிறுவனம் உதவி தருவதாகச் சொன்னது. பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர் வேண்டும் என்றார்கள். பொடியன்கள் முகாம் முகாமாகப் போய் போனில் ஒரு அப் வழியாக 600 பேருக்கு மேல் பதிந்து, சிஎஸ்வி பைலாக பென்டிரைவில் போட்டுத் தந்தார்கள். நான் டபுள் கிளிக் பண்ணினேன். எக்ஸெலில் திறந்தது. ஊர்ப் பெயர்களில் எழுத்துப் பிழை திருத்தினேன். சேவ் அடித்தபோது ஏதோ கேட்டது, படிக்காமலே 'யெஸ்' கொடுத்தேன். இரவோடு இரவாக மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, பெரிய வேலை முடித்த நிம்மதியில் படுத்தேன்.

மறுநாள் அழைப்பு வந்தது. "ஐயா, நிறையப் பேருக்கு ஒரே அடையாள அட்டை இலக்கமா இருக்கே?"

சிஎஸ்வி என்பது வெறும் எழுத்து. ஒரு விசயம், ஒரு கொமா, அடுத்த விசயம், அவ்வளவுதான். இந்த நிரல் (கொலம்) எண், அந்த நிரல் பெயர் என்று அதற்குள் எங்கும் எழுதியில்லை. எக்ஸெல் திறக்கும்போது தானாக ஊகிக்கிறது: இலக்கமாகத் தெரிந்தால் எண். எண்ணுக்கு முன்னால் பூச்சியம் எதற்கு என்று போன் நம்பர்களின் முதல் பூச்சியத்தைத் தூக்கி எறிந்தது. மட்டக்களப்பு 065, கல்முனை 067, எல்லாம் 65, 67 என்று நின்றன. அதையாவது திரும்பச் சேர்க்கலாம்.

அடையாள அட்டையில்தான் அடி விழுந்தது. 2016க்குப் பிறகு வந்த இலக்கம் 12 தானம், அதாவது 12 எண் நீளம். அவ்வளவு நீளமான எண்ணை எக்ஸெல் சுருக்கிக் காட்டும்: ஒன்று அல்லது இரண்டு, ஒரு புள்ளி, ஐந்து இலக்கம், பிறகு ஒரு 'ஈ', கூட்டல் குறி, 11. எக்ஸெல் பைலாகச் சேவ் பண்ணியிருந்தால் முழு எண்ணும் உள்ளே பத்திரமாக இருந்திருக்கும். சிஎஸ்வியாகச் சேவ் பண்ணினால் திரையில் காட்டும் அந்தச் சுருக்கத்தையே எழுதிவிடும். புது இலக்கத்தின் முதல் நாலு தானம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டில் எத்தனையாவது நாள், பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். முதல் ஆறு மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும்? ஏறத்தாழ ஒரே பத்து நாளுக்குள் பிறந்த ஆண்கள் எல்லாரும் ஒரே ஆள், பெண்கள் எல்லாரும் இன்னொரு ஆள்.

வேடிக்கை என்னவென்றால், பழைய அட்டைக்காரர்கள் தப்பினார்கள். ஒன்பது இலக்கத்துக்குப் பின்னால் 'வீ' என்ற எழுத்து இருந்ததால் எக்ஸெல் அதை எண்ணாக எடுக்கவில்லை. கிழவன் கிழவியெல்லாம் பத்திரம், இளம் குடும்பங்கள் 118 பேர் அழிந்துபோனார்கள். பொடியன் போனில் இடம் போதாதென்று மூலப் பதிவை அழித்திருந்தான். போன் எடுத்துக் கேட்டோம். பாதிப்பேருக்கு மணியே போகவில்லை. வெள்ளத்துக்குள் சார்ஜ் எங்கே போடுவார்கள்? மண்முனைப் பாலத்தைக் கடந்து கொக்கட்டிச்சோலைக்கும் அதற்கு அப்பாலும் நாலு நாள் மோட்டார் சைக்கிள். ஒரு அம்மா கேட்டா, "முந்தநாள்தானே மகன் எழுதிட்டுப் போனீங்க?" நான் என்ன சொல்ல? எக்ஸெல் தின்றுவிட்டது என்றா?

சிஎஸ்வி கிடைத்தால் முதலில் ஒரு பிரதி எடுத்து ஒதுக்கி வையுங்கள். பார்க்க மட்டும் வேண்டுமென்றால் நோட்பேட் போதும். எக்ஸெலில் வேண்டுமென்றால் வெறும் எக்ஸெலைத் திறந்து, 'டேட்டா' தாவலில் 'ப்ரொம் டெக்ஸ்ட், சிஎஸ்வி' வழியாக உள்ளே எடுங்கள். தரவு வகையை ஊகிக்க வேண்டாம் என்று தெரிவுசெய்யுங்கள், எல்லாம் எழுத்தாகவே வரும். பிறகு எக்ஸெல் பைலாகச் சேவ் பண்ணுங்கள். கூகிள் ஷீட்ஸில் எடுத்தால், எழுத்தை எண்ணாக மாற்றும் டிக்கை எடுத்துவிடுங்கள். 16 தானம் உள்ள இலக்கம் என்றால் இன்னும் மோசம்: எக்ஸெல் 15 தானத்துக்கு மேல் ஞாபகம் வைக்காது, கடைசியைப் பூச்சியமாக்கிவிடும். அது நடந்தபின் எந்த வகையில் சேவ் பண்ணியும் பயனில்லை.

எங்கள் பட்டியலில் பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழில் இருந்திருந்தால் திறந்த உடனேயே கோணல் எழுத்துகளைக் கண்டு சுதாரித்திருப்பேன். எக்ஸெலில் தமிழில் தட்டிய பட்டியலைச் சிஎஸ்வியாக்கும்போது 'யூடிஎப் 8' என்று எழுதியிருக்கும் வகையைத்தான் தெரிய வேண்டும். மற்றதில் பெயரெல்லாம் கேள்விக்குறி.

பாமினியில் அடித்த வேர்ட் பைலை அப்படியே அனுப்புவது

31ஆம் நாள் நினைவு மலரை வீட்டில் பாமினியில் அடித்து, அச்சகத்துக்கு வேர்ட் பைலாக அனுப்புவார்கள். அங்கே அந்த எழுத்துரு இல்லையென்றால் தேவாரம் முழுக்க ஆங்கில எழுத்துக் குவியலாக நிற்கும். பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேடம் போடுகிற எழுத்துரு. வேடத்தைக் கழற்றினால் ஆங்கிலம்தான். யுனிகோட்டில் தமிழுக்கு 1991 முதலே சொந்த இடம் உண்டு, அதில் தட்டினால் இந்தப் பிரச்சினை இல்லை. பாமினிதான் வேண்டும் என்பவர்கள் பிடிஎப் ஆக்கி அனுப்புங்கள், எழுத்துருவும் பைலோடு சேர்ந்து போகும்.

பப்ளிஷர் பைலை மட்டும் வைத்திருப்பது

காட், நோட்டீஸ் அடிக்கும் பப்ளிஷர் புரோகிராமை 2026 ஒக்டோபரோடு நிறுத்துவதாக மைக்ரோசொப்ட் அறிவித்திருக்கிறது. பழைய கல்யாணக் காட் டிசைன்களை இப்போதே பிடிஎப் ஆக்குங்கள்.

"எப்போதும் இதிலேயே திற"

பைலை எதில் திறப்பது என்று விண்டோஸ் கேட்கும்போது யோசிக்காமல் இதைத் தெரிவுசெய்யாதீர்கள். தெரிவுசெய்துவிட்டால் ரைட் கிளிக், 'ஓப்பன் வித்', திரும்ப மாற்றலாம்.

தெரியாத பைலுக்கு ஓப்பனர் தேடி டவுன்லோட் பண்ணுவது

வேண்டாம். அனுப்பினவருக்கு ஒரு கோல் எடுத்து, எதில் செய்தது என்று கேளுங்கள்.